ஒருவருக்கு மட்டும் சாட்சி சொல்லும் கையொப்பம்

விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976-இல் முன்வைத்த டிஜிட்டல் கையொப்பத்தில், ஒப்பமிடுபவர் தாம் மட்டுமே அறிந்த தனித்திறவியால் ஒப்பமிடுவார். வெளியிடப்பட்ட பொதுத்திறவியால் எவரும் அதைச் சரிபார்க்கலாம். அதுவே அதன் பெருமையாகக் கருதப்பட்டது. ஆயினும் காகிதக் கையெழுத்தின் நகல் நகலாகவே நிற்க, டிஜிட்டல் ஒப்பத்தின் ஒவ்வொரு நகலும் மூலத்துக்கு நிகராவதால், ஒருவரை நம்பி எழுதிக்கொடுத்த சொல் கைமாறிய இடமெங்கும் எழுதியவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

இதற்கு முதல் விடையாக டேவிட் சௌமும் ஹான்ஸ் வான் ஆன்ட்வெர்ப்பனும் 1989-இல் 'மறுக்கவியலாக் கையொப்பத்தை' வகுத்தனர். செய்தியை எண்ணாக்கி, அதன் மீது இரகசிய எண்ணை அடுக்காக ஏற்றிப் பெறுவதே அக்கையொப்பம். சரிபார்ப்பவர் தாம் தற்செயலாகத் தேர்ந்த இரண்டு எண்களை ஒப்பத்தின் மீதும் பொதுத்திறவியின் மீதும் முறையே அடுக்காக ஏற்றிப் பெருக்கி அனுப்ப, ஒப்பமிட்டவர் இரகசிய அடுக்கை நீக்கித் திருப்பியனுப்புவார். அவ்விடை சரிபார்ப்பவர் தாமே கணக்கிட்ட எண்ணோடு ஒத்தால் ஒப்பம் மெய். ஆக, ஒப்பமிட்டவர் உடன்படாமல் சரிபார்ப்பு இல்லை. போலி ஒப்பத்தை மறுப்பதற்குத் தனி நெறிமுறை உண்டு. மெய்யான ஒப்பத்தை அதனால் மறுக்க இயலாது என்பதே பெயர்க்காரணம். மென்பொருள் விற்பவர், விலை கொடுத்தவர்க்கு மட்டும் அதன் உண்மைத்தன்மையை உறுதிசெய்ய இது உதவும் என்று கருதப்பட்டது.

ஆனால் இவோ டெஸ்மெட்டும் மோட்டி யுங்கும் 1991-இல் ஓர் ஓட்டையைக் காட்டினர்: மறைவில் இருப்போர், சரிபார்ப்பவர் அனுப்பும் கேள்வி எண்ணைத் தேர்வதில் பங்குகொண்டால், ஒப்பமிட்டவர் அறியாமலே அவர்களும் சரிபார்த்தவர் ஆவர்.

இவ்வரலாற்றின் மிகக் கூர்மையான சிந்தனை 1996-இல் மார்க்கஸ் யாக்கப்சன், கசூயே சாக்கோ, ரஸல் இம்பாக்லியாட்சோ ஆகிய மூவரிடமிருந்து வந்தது எனலாம். அவர்கள் முறையில், 'இவ்வொப்பம் மெய், அல்லது இதை நிறுவுபவர் பெறுநரின் தனித்திறவியை அறிந்தவர்' என்ற இரட்டைக் கூற்றே நிறுவப்படுகிறது. தம் திறவியை எவருக்கும் தராத பெறுநர், முதற்பகுதியே மெய் என்று ஐயமின்றி உணர்வார். மூன்றாமவருக்கோ, பெறுநரே இச்சான்றைப் புனைந்திருக்கலாம் என்ற ஐயம் ஒருபோதும் தீராது. போலி செய்யும் ஆற்றலைப் பெறுநர் கையில் கொடுத்ததாலேயே ஒப்பமிட்டவரின் அந்தரங்கம் காக்கப்பட்டது. இதே நோக்கம் 2004-இல் நிகிதா போரிசோவ், இயன் கோல்ட்பெர்க், எரிக் புரூவர் ஆகியோர் வகுத்த ஓடிஆர் உரையாடல் நெறிமுறையிலும் தொடர்ந்தது.

மின்னஞ்சல் இவ்வழியில் செல்லவில்லை. 2016-இல் அமெரிக்கத் தேர்தலின்போது விக்கிலீக்ஸ் வெளியிட்ட மடல்கள் பலவற்றை, அஞ்சல் வழங்கிகள் தாமாக இட்டிருந்த டிகேஐஎம் ஒப்பங்களைக் கொண்டு யார் வேண்டுமானாலும் மெய்யென்று உறுதிசெய்ய முடிந்தது. அவ்வொப்பங்களுக்கு மடல் எழுதியவர்களின் இசைவு கேட்கப்படவே இல்லை.