பொக்லைன் வந்த வழி



தினசரிகளைப் புரட்டினால் "பொக்லைன் எந்திரம் மூலம் ஆக்கிரமிப்பு அகற்றம்", "பொக்லைன் கொண்டு ஏரி தூர்வாரப்பட்டது" என்று வாரத்துக்கு இரண்டு செய்தியாவது கண்ணில் படும். வீட்டில் பேரப்பிள்ளைகள் அதையே ஜேசிபி என்கிறார்கள். பொக்லைன் என்பதை ஆங்கிலச் சொல் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பிரான்சிலுள்ள ஒரு கம்பெனியின் பெயர். பிரெஞ்சு பள்ளியில் படித்தவன் என்பதால் இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பாரிஸுக்கு வடகிழக்கே லெ பிளெஸ்ஸி பெல்வில் என்ற ஊரில் ழோர்ழ் பத்தாய் என்பவர் 1927ல் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் விவசாயக் கருவிகளைச் செய்தவர்கள், 1951ல் ஹைட்ராலிக்கில் இயங்கும் மண் அள்ளும் எந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் எல் அண்ட் டி நிறுவனம் அவர்களோடு சேர்ந்து இந்தியாவில் அந்த எந்திரங்களைத் தயாரித்தது. நம் ஊர் ஆட்கள் அதன்மேல் எழுதியிருந்த பெயரையே எல்லா எந்திரத்துக்கும் சூட்டிவிட்டார்கள்.

இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன் இந்த ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். போன மாதம் எங்கள் கொல்லைக்குள் அப்படி ஒரு எந்திரம், ஆனால் மிகச் சிறியது, வந்து போனது. அதனால்தான்.

2024 நவம்பர் 30ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. பாகூர் பக்கம் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டில் குசினி வரை தண்ணீர் வந்துவிட்டது. கொல்லையில் விழும் தண்ணீர் வெளியேற வழியில்லை. 60 அடி நீளத்துக்கு ஒரு வாய்க்கால் எடுத்து, கடைசியில் ஓர் உறிஞ்சுகுழி வெட்ட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். ஆனால் எங்கள் சந்தில் ஜேசிபி நுழையாது. தம்பி மகன்தான் யோசனை சொன்னான்.

"பெரியப்பா, மினி டிராக்டர்ல பின்னாடி மாட்டுற மாதிரி சின்ன பக்கெட் வந்திருக்கு. நாலடி சந்துல கூட வந்துடும். ஒரு காலையில வேலை முடிஞ்சிடும்."

சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லுமுன் கொஞ்சம் சரித்திரம்.

பள்ளியில் எங்களுக்குப் பௌதிகம் நடத்திய வாத்தியார் பிளேஸ் பஸ்கால் பெயரைச் சொல்லும்போதே நிமிர்ந்து நிற்பார். பஸ்கால் இறந்தது 1662ல். அடுத்த ஆண்டு அச்சான அவருடைய நூலில் இந்த விஷயம் இருக்கிறது. தண்ணீர் நிரம்பிய ஒரு மூடிய பாத்திரம். அதில் இரண்டு துவாரங்கள், ஒன்றைவிட மற்றது 100 மடங்கு பெரியது. இரண்டிலும் சரியாகப் பொருந்தும் அடைப்புகள். சின்ன அடைப்பை ஓர் ஆள் அழுத்தினால், பெரிய அடைப்பை அழுத்தும் 100 பேருக்கு அவன் ஈடு கொடுக்கலாம். மந்திரம் ஒன்றுமில்லை. சின்ன அடைப்பு 100 அங்குலம் இறங்கினால் பெரியது ஒரு அங்குலம்தான் ஏறும். பலத்தில் லாபம் கிடைத்தால் தூரத்தில் விலை கொடுக்க வேண்டும். இன்று எந்த பொக்லைனின் கையைப் பார்த்தாலும் பளபளவென்று நீண்டு சுருங்கும் இரும்புத் தண்டுகள் இருக்கும். அவை செய்வது இதைத்தான். தண்ணீருக்குப் பதில் எண்ணெய், ஆளுக்குப் பதில் எஞ்சினால் ஓடும் பம்பு, அவ்வளவே வித்தியாசம்.

ஆனால் இந்தத் தத்துவம் மண்வெட்டும் வேலைக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. அமெரிக்காவில் வில்லியம் ஓட்டிஸ் 1839லேயே நீராவியில் இயங்கும் மண்வாரிக்குக் காப்புரிமை வாங்கினார். அது தண்டவாளத்தின் மேல் நிற்கும் பூதம். ரயில் பாதை போடுகிறவர்களுக்குத்தான் உதவும். சூயஸ் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1859ல் லெசெப்ஸ் வேலையைத் தொடங்கியபோது எகிப்து விவசாயிகளைக் கட்டாயமாகப் பிடித்துவந்து, கையாலும் கூடையாலும் மண் எடுக்க வைத்தார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் லெசெப்ஸின் படம் இருந்தது, கூடை சுமந்தவர்களின் படம் இல்லை. 1864ல் கட்டாய உழைப்பு முடிவுக்கு வந்த பிறகுதான் நீராவித் தூர்வாரிகளை வரிசையாக இறக்கினார்கள். 1869ல் கால்வாய் திறந்தது. ஆள் சும்மா கிடைக்கும் வரை எந்திரத்தைப் பற்றி யாரும் அவசரப்படவில்லை என்பது என் எண்ணம்.

வீட்டுக்கும் வயலுக்கும் ஏற்ற சின்ன எந்திரம் வர முதலில் சின்ன டிராக்டர் வர வேண்டியிருந்தது. அதற்கு அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசனுக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்தக் காலத்து டிராக்டரில் ஏர் மாட்டி இழுக்கும்போது ஏர் பாறையில் சிக்கினால், முன்பக்கம் தூக்கி வண்டி ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். ஃபெர்குசன் மூன்று இடத்தில் கருவியைப் பிணைத்து, ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்கும் அமைப்பைச் செய்தார். 1938ல் ஹென்றி ஃபோர்டும் அவரும் எழுத்தில் ஒப்பந்தம் ஏதுமின்றிக் கைகுலுக்கி முடிவு செய்தார்கள். மறு ஆண்டு அந்த டிராக்டர் வந்தது. ஹென்றி ஃபோர்டின் பேரன் காலத்தில் உறவு முறிந்து, ஃபோர்டு கம்பெனி 1947ல் 8என் என்று தனியாக ஒன்றை வெளியிட, வழக்கு நடந்து, 1952ல் ஃபெர்குசனுக்கு 92.5 லட்சம் டாலர் கிடைத்தது. கைகுலுக்கலை நம்பியதற்கு வந்த செலவு. 1960ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டரில் இருப்பது இவருடைய பெயர்தான்.

அந்த 8என் டிராக்டரின் பின்னால்தான் நம் கதாநாயகன் பிறந்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹப்பர்ட்ஸ்டன் என்ற சிற்றூர். வைனோ ஹோலோபைனன், ராய் ஹேண்டி என்ற இருவர் சேர்ந்து, தங்கள் பெயர்களை ஒட்டி வைன்-ராய் என்று கம்பெனி வைத்திருந்தார்கள். முழுக்க ஹைட்ராலிக்கில் இயங்கி, இடமும் வலமும் திரும்பும் மண்வெட்டிக் கையை 1947ல் செய்து சோதித்தார்கள். 1948 ஏப்ரலில் முதல் விற்பனை. வாங்கியது கனெக்டிகட் மாநிலத்தின் ஒரு மின்சாரக் கம்பெனி, விலை 705 டாலர்.

இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்பவர் 1945 அக்டோபரில் ஒரு வாடகைக் கொட்டகையில், யுத்தத்தில் மிஞ்சிய இரும்பைப் பற்றவைத்து டிரெய்லர் செய்து பிழைப்பைத் தொடங்கினார். 1950ல் ரோசெஸ்டர் என்ற ஊரில் ஒரு பழைய பாலாடைக்கட்டித் தொழிற்சாலைக்கு மாறினார். 1953ல் டிராக்டரின் முன்னால் மண் அள்ளும் தொட்டி, பின்னால் மண் வெட்டும் கை என்று ஒரே வண்டியில் இரண்டையும் பொருத்தினார். அவருடைய பெயரின் முதல் எழுத்துகள்தான் ஜேசிபி. 1979ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டாக ஹரியானாவின் பல்லப்கரில் தொழிற்சாலை வந்தது. அதற்குப் பிறகு நடந்தது நமக்கே தெரியும்.

இன்னொன்றையும் கவனித்தேன். பிரெஞ்சில் இந்த எந்திரத்தை டிராக்டோபெல் என்பார்கள். பெல் என்றால் முன்னால் தள்ளி அள்ளும் அகப்பை போன்ற கருவி. ஆங்கிலப் பெயரில் வரும் ஹோ என்பதோ நம் மண்வெட்டியின் இனம். ஓங்கி இறக்கித் தன் பக்கம் இழுப்பது. எந்திரத்தின் கை செய்வதைப் பாருங்கள், அது மண்வெட்டிக்காரரின் கையசைவேதான். இந்த விஷயத்தில் ஆங்கிலக்காரன் வைத்த பெயர்தான் சரி.

இப்போது என் தயக்கத்துக்கு வருகிறேன்.

நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை மஸ்டர் ரோல் எழுதுவது. வாய்க்கால் வெட்டு, கரை பலப்படுத்துதல் என்று எந்த வேலையானாலும் ஆட்களின் பெயர், தகப்பனார் பெயர், நாட்கள், கூலி, கடைசியில் கைநாட்டு. ஆண்கள் வெட்டுவார்கள், பெண்கள் கூடையில் சுமப்பார்கள். ஒரு பக்கத்துக்கு இருபது, முப்பது பெயர். மை ஒட்டிய கட்டைவிரல்களை எத்தனை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பிறகு எந்திரம் வந்தது. பெயர்கள் இருந்த இடத்தில் "எந்திரம், 6 மணி" என்று ஒரே வரி. என் வேலை சுலபமாயிற்று. அந்த முப்பது பேர் அடுத்த வாரம் எங்கே போனார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எழுதுவதற்கு அதில் பத்தி இல்லை. பஸ்காலின் கணக்கில் ஒருவன் 100 பேருக்குச் சமம். மீதி 99 பேரைப் பற்றி வாத்தியாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த முப்பதில் ஒருவர் எங்கள் ஊர்ப் பெரியவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எங்கள் கொல்லையில் எருக்குழியிலிருந்து தண்ணீர்க் குழாய்ப் பள்ளம் வரை வெட்டியது அவர்தான். எந்திரத்தைக் கூப்பிடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றியது. போனேன். மிஷின் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், உங்களுக்கு வருத்தம் இல்லையே என்று இழுத்தேன்.

அவர் சிரித்துவிட்டார். "எனக்கென்னங்க ஐயா வருத்தம்? ஒரு தடவ ஆறடிப் பள்ளத்துல மண்ணு சரிஞ்சு மாருவரைக்கும் பொதஞ்சு கெடந்தேன். நீங்க கூட அன்னிக்கு அரை நாள் கூலின்னு எழுதுனீங்க. மிஷினே எறங்கட்டும். எம் பேரன் அந்தக் குழியில எறங்க வேணாம்."

எனக்கு அந்த அரை நாள் ஞாபகமே இல்லை. அவருக்கு இருந்தது. ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் எடை. மார்பு வரை புதைந்தவனுக்கு மூச்சு இழுக்க முடியாது. அவர் பிழைத்தது அதிர்ஷ்டம். விதிப்படிதான் எழுதியிருப்பேன். அவரிடம் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவரே, "காலையில வரேங்க, குழாய் எங்க போவுதுன்னு காட்டணும்ல" என்றார்.

சொன்னபடி வந்தார். அது எத்தனை நல்லது என்று பிறகு புரிந்தது. தம்பி மகன் குறித்து வைத்திருந்த கோடு தண்ணீர்க் குழாயின் மேலேயே போனது. பெரியவர் கிணற்றடியிலிருந்து அடி எண்ணி நடந்து, வேப்பமரத்துக்கு அந்தப்புறம் ஒரு குச்சியை நட்டார். கடப்பாரையை வைக்காமல் மண்வெட்டியால் மெல்லச் சீவிப் பார்த்தோம். முக்கால் அடி தள்ளிக் குழாய் இருந்தது. மோட்டாருக்குப் போகும் மின்சாரக் கேபிளும் பக்கத்திலேயே.

உங்கள் வீட்டிலும் இப்படி வேலை இருந்தால் பயன்படட்டும் என்று, நான் கண்டதைச் சொல்கிறேன். இந்தக் கை மூன்று முனைப் பிணைப்பில் மட்டும் தொங்கக் கூடாது. டிராக்டரின் அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பொருத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரம் முழுவதும் வண்டியின் நடு உடம்பில் விழும். வெட்டுமுன் இரண்டு பக்கத்துக் கால்களையும் கெட்டியான தரையில் ஊன்ற வேண்டும். கை திரும்பும் வட்டத்துக்குள் குழந்தைகளோ வேடிக்கை பார்ப்பவர்களோ வரக் கூடாது. மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் கொட்டச் சொல்லுங்கள். கலந்துவிட்டால் செடிக்கு ஆகாது. கொட்டும் மண் பள்ளத்தின் விளிம்பிலிருந்து இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும். ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால், பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்கவே கூடாது. "சும்மா ஒரு நிமிஷம்" என்று இறங்கினாலும் மண் பார்த்துக்கொண்டிருக்காது.

வாய்க்கால் 270 கன அடி, உறிஞ்சுகுழி 96 கன அடி. மொத்தம் 10 கன மீட்டருக்குச் சற்று மேல். பழைய கணக்கில் இரண்டு ஆண் ஆள், இரண்டு பெண் ஆள், மூன்று நாள். எந்திரம் மூன்றரை மணி நேரத்தில் முடித்தது. குழிக்குள் ஒருவரும் இறங்கவில்லை. வேப்ப வேருக்குப் பக்கத்தில் மட்டும் எந்திரத்தை நிறுத்திவிட்டு, பெரியவர் மண்வெட்டியால் வாய்க்காலைச் சீர் செய்தார். மட்டம் பார்க்க ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அது நேராக உறிஞ்சுகுழிக்குப் போய்ச் சேர்ந்தது.

முழு நாள் கூலி கொடுத்தேன். அரை நாள்தானே வேலை என்றார். அது பழைய பாக்கி என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

அன்று இரவு என் டைரியில், பழக்க தோஷம், தேதி போட்டு "எந்திரம், மூன்றரை மணி" என்று எழுதினேன். அதற்குக் கீழே அவர் பெயரையும் தகப்பனார் பெயரையும் எழுதி, ஒரு நாள் என்று குறித்தேன்.

வடகிழக்குப் பருவமழை வரட்டும். வாய்க்கால் எப்படி வேலை செய்கிறது என்று மழைக்குப் பிறகு எழுதுகிறேன்.