35 கோடி மின்னஞ்சல், 28 வாடிக்கையாளர்

"உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்று வரும் மின்னஞ்சலை யார் சேர் நம்புவாங்க என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. கோடிப் பேரில் ஒருவர் நம்பினாலே அனுப்பியவருக்குக் கட்டுப்படியாகிவிடும் என்பதுதான் பதில். அந்தக் கணக்கின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1978 மே 3. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பனியில் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துவெர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். பலர் கொதித்துப் போனார்கள், கண்டிப்பும் வந்தது. ஆனால் கம்பியூட்டர்கள் விற்றன.

தபாலில் விளம்பரம் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் முத்திரை ஒட்ட வேண்டும். மின்னஞ்சலுக்கு முத்திரை கிடையாது. ஆலைக்காரர் ஆற்றில் கழிவைக் கொட்டுவது மாதிரி, இலாபம் அவருக்கு, செலவு கீழே குடியிருப்பவருக்கு. வடிகட்டி வைத்து நூற்றுக்கு 99ஐத் தடுத்தாலும் அவர் நூறு மடங்கு அதிகமாக அனுப்புவார். அவருக்கு என்ன நட்டம்?

அப்படியானால் முத்திரை ஒட்டவைப்போம் என்று 1992இல் சிந்தியா டுவோர்க், மோனி நாவோர் இருவரும் யோசித்தார்கள். காசு வேண்டாம், ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் அனுப்புபவரின் கணினி சில செக்கன்கள் ஒரு கணக்கைச் செய்து காட்டட்டும் என்றார்கள். ஒன்றிரண்டு அனுப்புபவருக்கு அது பெரிதில்லை, கோடிக்கணக்கில் அனுப்புபவர் திணறிப்போவார். 1997இல் அடம் பாக் இதே வழியில் 'ஹாஷ்கேஷ்' செய்தார். (பின்னாளில் பிட்கொயினுக்கு அடித்தளமானது இந்த யோசனைதான்.) 2004 ஜனவரியில் பில் கேட்ஸ்கூட இன்னும் இரண்டு வருடத்தில் ஸ்பாம் தீர்ந்துவிடும் என்றார்.

தீரவில்லை. ஸ்பாம்காரர்கள் மற்றவர்களின் கணினிகளுக்குள் வைரஸ் மூலம் புகுந்து, அவற்றிலிருந்து அனுப்பினார்கள். முத்திரைச் செலவும் நம்மைப் போன்றவர்களின் தலையிலேயே விழும்!

2008இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படியொரு வலையமைப்புக்குள்ளேயே நுழைந்து எண்ணிப் பார்த்தார்கள். மருந்து விற்கும் மின்னஞ்சல்கள் ஏறத்தாழ 35 கோடி. 26 நாட்கள். வாங்க முன்வந்தவர்கள் 28 பேர்.

எனக்கு மிகப் பிடித்தது அடுத்து நடந்தது. ஸ்பாமில் வந்த பொருட்களை ஆய்வாளர்கள் தாங்களே காசு கொடுத்து வாங்கி, அந்தக் காசு எந்த வங்கிக்குப் போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். 2011இல் முடிவு வந்தது. அவர்கள் பார்த்த மருந்து, போலிப் பொருள், மென்பொருள் ஸ்பாமில் 95 வீதத்துக்குப் பணம் வாங்கிக் கொடுத்தவை மூன்றே வங்கிகள். இணையத்தள முகவரி போனால் சில மணி நேரத்தில் இன்னொன்று எடுக்கலாம். கார்டில் காசு வாங்கும் வங்கிக் கணக்கு போனால் அவ்வளவு இலேசில் கிடைக்காது. போலிப் பொருளால் பாதிக்கப்பட்ட கம்பனிகள் விசா, மாஸ்டர்கார்ட் ஊடாக முறையிட, அந்தக் கணக்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பல வியாபாரிகள் காசு வாங்க வழியில்லாமல் நின்றார்கள்.

ஆனால் பொருள் விற்கிற ஸ்பாமுக்குத்தான் இந்தப் பூட்டு. நம் பாஸ்வேர்டைத் திருட வருகிற மின்னஞ்சலுக்குக் கார்டில் காசு வாங்கும் கணக்கு எதுவும் தேவையில்லை. அது நம்மிடமே நேராகக் கேட்கிறது.