ஏற்பும் இணைத்தன்மையும்: உயர்கல்வி உடன்பாடுகளில் இரு சொற்கள்

பல்கலைக்கழகப் பட்டம் ஒன்று நாட்டெல்லையைக் கடக்கும்போது அதனுடன் ஒரு சொல்லும் கடந்தாக வேண்டியுள்ளது. அச்சொல் ‘ஏற்பு’ என்பதா, ‘இணைத்தன்மை’ என்பதா என்னும் வினா வெறும் கலைச்சொல் வினாவன்று. பட்டம் பெற்றவரின் பணியும் மேற்படிப்பும் அதனைச் சார்ந்துள்ளன. நம் மொழிபெயர்ப்புகளில் இவை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக ஆளப்படுதலின், இவற்றின் வரலாற்றைச் சற்று நோக்குதல் தகும்.

1924இல் சிம்லாவில் கூடிய பல்கலைக்கழக மாநாட்டின் விளைவாக, 1925இல் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான வாரியம் தோன்றியது. பின்னாளில் அது இந்தியா, இலங்கை என்னும் இரு நாட்டுப் பெயர்களையும் தாங்கி வழங்கியது. 1973இல் அது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஆயிற்று; இலங்கையின் பெயர் நீங்கியது. அயல்நாட்டுப் பட்டங்களின் இணைத்தன்மையை அறுதியிடும் பணியை அச்சங்கம் நெடுங்காலம் ஆற்றி வந்தது.

இணைத்தன்மை என்பது இரு பட்டங்களை அருகருகே வைத்து அளப்பது. அளவுகோல் எது என்பதிலேதான் இடர்ப்பாடு. தில்லி ஜனக்புரியிலுள்ள மத்திய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகத்தை இதற்குச் சான்றாகக் காட்டலாம். 1970இல் ராஷ்ட்ரிய சம்ஸ்கிருத சன்ஸ்தானாகத் தொடங்கி, 2002இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, 2020இல் இன்றைய நிலையை எய்தியது அது. அங்கு வழங்கப்பெறும் சாஸ்திரி, ஆசார்ய என்னும் பட்டங்கள் முறையே இளங்கலைக்கும் முதுகலைக்கும் இணையாகக் கொள்ளப்படுகின்றன. நேபாளத்தில் 1986இல் நிறுவப்பெற்ற சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகமும் இதே பெயர்களால் பட்டம் வழங்குகின்றது. பெயர் ஒன்றாயிருத்தலால் பாடத்திட்டமும் ஒன்றென ஆகாது. பெயர் வேறாயின் தகுதியும் வேறென ஆகாது. நம்மிடையே ‘புலவர்’ பட்டம் பெற்றோர்க்கு இச்சிக்கல் புதிதன்று.

ஏற்பு என்பதோ வேறு நெறி. யுனெஸ்கோவின் துணையுடன் 1983இல் பாங்காக்கில் ஏற்கப்பெற்ற ஆசிய பசிபிக் வட்டார உடன்பாடு இச்சொல்லையே தலைப்பிற் கொண்டது. ஐரோப்பிய நாடுகளின் 1997ஆம் ஆண்டு லிஸ்பன் உடன்பாடு இதனை மேலும் கூர்மையாக்கியது. பட்டங்கள் ஒத்திருத்தல் வேண்டும் என்பதன்று அதன் நிபந்தனை; கணிசமான வேறுபாடு காட்டப்பட்டாலன்றி ஏற்றல் வேண்டும் என்பதே. மெய்ப்பிக்கும் சுமை மாணவனிடமிருந்து மதிப்பிடும் அமைப்புக்கு மாறுகின்றது. ஒரு சொல்லின் மாற்றத்தால் நேர்ந்த பெருமாற்றம் இது எனலாம். 2011இல் டோக்கியோவில் ஆசிய பசிபிக் உடன்பாடு திருத்தப்பெற்றபோதும், 2019இல் உலகளாவிய உடன்பாடு உருவானபோதும் இந்நெறியே பின்பற்றப்பட்டது.

தெற்காசியாவில் மூன்றாவதொரு வழியும் காணப்படுகின்றது. 2007இல் சார்க் நாடுகள் எட்டும் புதுதில்லியில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 2010இல் பாடங்களைத் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகத்தின் பட்டம், உறுப்பு நாடுகள் அனைத்திலும் செல்லுபடியாவது. இங்கு அளத்தலுக்கே இடமில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் வெளியிட்ட அயல்நாட்டுத் தகுதிகள் குறித்த ஒழுங்குமுறையின் தலைப்பில் ஏற்பு, இணைத்தன்மை ஆகிய இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டையும் ‘அங்கீகாரம்’ என்றே பெயர்க்கும் பழக்கமுடைய மொழிபெயர்ப்பாளர் அத்தலைப்பிலேயே தடுமாற நேரும்.