உங்க கேலரியில் ஏ.ஐ ஏஜென்ட் என்னவெல்லாம் பார்க்கும்?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கூரத்தில் உங்க வீடு, வீட்டில் தறி ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. நெய்து இறக்கிய ஒவ்வொரு பட்டுச்சேலையையும் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் கடைக்காரர்களுக்கும் ரீசெல்லர்களுக்கும் அனுப்புவது உங்க வேலை. கோர்வை பார்டர், முந்தி க்ளோசப்புக்கு நடுவே ஆதார், ரேஷன் கார்டு, ஃப்ரெண்டு கல்யாண போட்டோ எல்லாம் கலந்து கிடக்கும். 'போன வாரம் எடுத்த சேலை போட்டோவை மட்டும் எடுத்துக் கொடு'ன்னு ஒரு ஏ.ஐ ஏஜென்ட்கிட்ட சொன்னா, அது என்ன செய்யும்?

ஏஜென்ட் தானாகக் கேலரிக்குள் நுழைய முடியாது. அதுக்கு ஒரு 'டூல்' வேணும். இப்படி டூல்களை ஏ.ஐ-யோடு இணைக்கிற பொதுவான முறைகளில் ஒன்று எம்.சி.பி. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. இதில் ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், அதுகிட்ட என்னென்ன கேட்கலாம் என்ற விவரம் இருக்கும். ஏஜென்ட் படிப்பது இதைத்தான். உள்ளே ஓடுகிற கோடு அதன் கண்ணில் படாது. விளக்கத்தை அரைகுறையாக எழுதினால், ஏஜென்ட்டும் அரைகுறையாகத்தான் வேலை செய்யும்.

படம் இல்லை, பட்டியல்

போட்டோவைப் பட்டியலிடும் டூல், பொதுவாகப் படத்தையே தூக்கிக் கொடுக்காது. ஃபைல் பெயர், தேதி, ஆல்பம், அளவு என்று ஒரு லிஸ்ட் தரும். அதிலிருந்து தேவையானதை மட்டும் இன்னொரு டூல் திறக்கும். பத்தாயிரம் போட்டோவின் விவரத்தை மொத்தமாகக் கொட்டினால் ஏஜென்ட் திணறிடும். அதனால் 'ஒரு தடவைக்கு இத்தனை'ன்னு வரம்பு வைப்பாங்க. மிச்சம் இருக்குன்னு லிஸ்ட்டின் கடைசியில் சொல்லணும். இல்லைன்னா முதல் 50 போட்டோவைப் பார்த்துட்டு, 'அவ்வளவுதான்'னு ஏஜென்ட் முடிச்சிடும்.

தேதி இன்னொரு வம்பு. கேமராவில் எடுத்த படத்துக்குள்ளேயே எடுத்த நேரம் பதிவாகி இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக வந்த படத்தில் அந்த விவரம் கழன்றிருக்கும். அதன் பெயரில் இருக்கும் தேதி, போனுக்கு வந்த தேதிதான். மூணு மாசத்துக்கு முன்னாடி விற்ற சேலையை யாராவது நேற்று ஃபார்வர்டு செய்திருந்தால், அதுவும் 'போன வாரம்' கணக்கில் வந்து உட்காரும். விற்றுப்போன சேலைக்கு ஆர்டர் வாங்கினால், பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

சரி, 'வெறும் லிஸ்ட்தானே, அதில் என்ன ரகசியம்?'னு தோணுதா? சில போன்களில் ஸ்க்ரீன்ஷாட்டின் பெயரிலேயே எந்த ஆப்பில் எடுத்தது என்பது ஒட்டிக்கொள்ளும். எந்த பேங்க் ஆப், எந்த நாள், எத்தனை மணி... ஒரு படத்தைக்கூடத் திறக்காமல் தெரிஞ்சிடும். ஏ.ஐ உங்க போனுக்குள்ளேயே ஓடவில்லை என்றால், இந்த லிஸ்ட் ஏதோ ஒரு சர்வருக்குத்தான் போகுது. இடம் கொஞ்சம் பத்திரம். ஆண்ட்ராய்டு 10-ல் இருந்து, படத்தில் பதிவான லொகேஷனைப் படிக்க ஆப்புக்குத் தனி அனுமதி வேணும்.

எதுக்கு, எவ்வளவு?

கூரத்தில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுச் செப்பேடு ஒன்று ரொம்பப் பிரபலம். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. கோயிலுக்குக் கொடுத்ததை மொத்தமாக எழுதிவிட்டுப் போகவில்லை. பூஜைக்கு, மண்டபத்தில் பாரதம் வாசிக்க, தண்ணீருக்கும் நெருப்புக்கும் என்று தனித்தனியாகப் பங்கு பிரித்திருக்கிறார்கள். நம்மில் பலர் கேலரிக்கு அப்படிப் பிரிப்பதே இல்லை. 'அலோ ஆல்' தட்டிட்டு அடுத்த ரீலுக்குப் போயிடுறோம்.

பிரிக்க வழி இருக்கு. ஐபோனில் 2020-ல் வந்த ஐ.ஓ.எஸ் 14-ல் இருந்தும், ஆண்ட்ராய்டில் 2023-ல் வந்த 14-ல் இருந்தும், நீங்க தேர்ந்தெடுத்த போட்டோக்களை மட்டும் ஆப்புக்குக் காட்டலாம். கூகுள் போட்டோஸும் மாறிடுச்சு. 2025 மார்ச் 31-க்குப் பிறகு வெளி ஆப்கள் உங்க மொத்த லைப்ரரியையும் அள்ள முடியாது. ஆப் தானே ஏற்றியது போக, நீங்க எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் அதுக்கு.

இதில் ஒரு சிக்கல். இன்று காலையில் தறியிலிருந்து இறக்கிய சேலையை போட்டோ எடுக்கிறீங்க. அதைத் தேர்வில் சேர்க்கவில்லை. 'புதுச் சேலை இருக்கா?'ன்னு கேட்டால், ஏஜென்ட் தயங்காமல் 'இல்லை'ன்னு சொல்லும். பொய் சொல்லவில்லை, அதுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 'இது முழு கேலரி அல்ல, அனுமதித்த படங்கள் மட்டும்' என்ற ஒரு வரி டூல் விளக்கத்தில் இருந்தால், அது உங்ககிட்ட திருப்பிக் கேட்கும்.

ஏற்கெனவே மொத்தத்தையும் திறந்து விட்டிருந்தாலும் மாற்றிக்கலாம். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பர்மிஷன் பகுதிக்குப் போய் போட்டோஸைத் தட்டுங்க. விற்பனைக்கான சேலைப் படங்களை மட்டும் டிக் பண்ணுங்க. புதுச் சேலை இறங்கும்போதெல்லாம் அதையும் மறக்காமல் சேர்த்துடுங்க.