சார்பும் களஞ்சியமும்: தமிழகத்தில் லினக்ஸ் பொதி மேம்படுத்தலின் வரலாறு (விருதுநகர் மாவட்டப் பின்புலத்தில்)

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தை மேம்படுத்தும்போது எழும் பொதிச் சார்புச் சிக்கல், பெரும்பாலும் கருவிகளின் குறைபாடாகவே எடுத்துரைக்கப்பட்டு வருகிறது. தமிழக அரசு கட்டற்ற மென்பொருளை ஏற்ற காலத்தை மையமாகக் கொண்டு, அச்சிக்கலை ஒரு வரலாற்றுச் சிக்கலாக இக்கட்டுரை ஆராய்கிறது. சார்பைக் கணக்கிடும் கருவிகள் வளர்ந்த பின்னரும் சிக்கல் தீராமைக்குக் காரணம், பொதிகளின் களஞ்சியம் கணினிக்கு எட்டாமற்போவதும் அதன் பேணற்காலம் முடிந்துவிடுவதுமே என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: பொதிச் சார்பு, களஞ்சியம், டெபியன், பாஸ் லினக்ஸ், எல்காட், தமிழ் எழுத்துரு, சிவகாசி.

முன்னுரை

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயின்ற மாணவர்களுக்கு வழங்கப்பட்ட அக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களை நம்பி வாழும் சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களை உள்ளடக்கிய விருதுநகர் மாவட்டத்துப் பள்ளிகளும் இத்திட்டத்தின் பயன்பெற்றன. கணினி வழங்கப்பட்டது ஒருநாள் நிகழ்வு. அதனைப் புதுப்பித்துப் பேணுவதோ ஆண்டுக்கணக்கில் நீளும் பணி. முதலாவது குறித்துப் பேசப்பட்ட அளவிற்கு இரண்டாவது குறித்துப் பேசப்படவில்லை. அவ்விரண்டாவது பணியின் வரலாற்றுக் கூறுகளைத் தொகுத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சார்பு என்னும் கருத்து

தமிழ் இலக்கண மரபுக்குச் சார்பு புதிதன்று. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றையும் தனித்து நில்லாது பிற எழுத்துகளைச் சார்ந்து வருவன எனத் தொல்காப்பியம் வகுத்தது. நன்னூல் சார்பெழுத்துகளைப் பத்தாக விரித்தது. லினக்ஸில் மென்பொருள் ‘பொதி’ என்னும் அலகாகக் கட்டித் தரப்படுகிறது. ஒவ்வொரு பொதியும் தான் இயங்குவதற்கு எந்தெந்தப் பொதிகள், எந்தப் பதிப்பில் வேண்டும் என்பதையும், எவற்றோடு ஒத்துவராது என்பதையும் தன்னுள்ளேயே அறிவித்துக்கொள்கிறது. இவ்வறிவிப்புகளுள் ஒன்றேனும் நிறைவேறாதபோது மேம்படுத்தல் நின்றுபோகிறது. அதுவே சார்புச் சிக்கல் எனப்படுகிறது.

தமிழில் ஒரு சொல்லைத் தட்டச்சிடுவதைச் சான்றாகக் கொள்ளலாம். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, லினக்ஸில் ஐபஸ் என்னும் உள்ளீட்டுச் சட்டகம் வழியாக இயங்கவல்லது. ஐபஸ், எம்17என் நூலகத்தின் துணையை நாடுகிறது. அந்நூலகம் ஜப்பானிய ஆய்வு நிறுவனமொன்றில் தொடங்கப்பட்ட பன்மொழித் திட்டத்தின் விளைவாகும். உள்ளிட்ட எழுத்து திரையில் தோன்றும்போது மற்றொரு சங்கிலி தொடங்குகிறது. ‘கொ’ என்னும் எழுத்தில் மெய்யின் இருபுறமும் குறிகள் நிற்கின்றன. அவற்றைப் பிரித்து உரிய இடத்தில் அமைக்கப் பாங்கோ, ஹார்ஃப்பஸ் போன்ற நூலகங்கள் வேண்டும். அந்நூலகங்களுக்கு ஏற்ற எழுத்துருவும் வேண்டும். ஆகவே தமிழ்க் கணிமை தொடக்கம் முதலே சார்புகளின் மீது எழுந்த ஒன்று எனலாம்.

தீர்வுக் கருவிகளின் வளர்ச்சி

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தில் அடுத்த ஆண்டே டிபிகேஜி என்னும் பொதி நிறுவும் கருவி உருவாயிற்று. ஒரு பொதிக்கு வேண்டிய பிற பொதி இல்லையென்று அது அறிவிக்கும். ஆனால் அதனைத் தேடிக் கொணராது. தேடும் பொறுப்பு பயனருடையதாகவே இருந்தது. 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1 உடன் ஆப்ட் என்னும் கருவி அறிமுகமானது. அது களஞ்சியத்தின் பட்டியலைப் படித்து, வேண்டிய பொதிகள் அனைத்தையும் தானே கணக்கிட்டு, உரிய வரிசையில் இறக்கி நிறுவியது. பொதியைத் தேடும் உழைப்பு பயனரிடமிருந்து களஞ்சியத்திற்கு இடம்பெயர்ந்த திருப்புமுனை இதுவாகும்.

எனினும் கணக்கீடு எளிதன்று. ஐரோப்பிய ஆய்வுத் திட்டமான எடோஸ் அமைப்பினர், ஒரு பொதியை நிறுவ முடியுமா என்று தீர்மானிப்பது கணிமைக் கோட்பாட்டில் மிகக் கடினமானவற்றுள் ஒன்றாகக் கருதப்படும் என்பி-முழுமை வகையைச் சேர்ந்தது என 2006இல் நிறுவினர். அதே ஆண்டில் வெளிவந்த சூசி லினக்ஸ் 10.1 பதிப்பின் பொதி மேலாண்மைக் கருவி பரவலான குறைகூறலுக்கு உள்ளானது. 2008 ஜூனில் வெளியான ஓப்பன்சூசி 11.0, சார்புகளைத் தருக்க வாய்பாடுகளாக மாற்றித் தீர்க்கும் புதிய முறையைக் கைக்கொண்டது. கணக்கீட்டுச் சிக்கல் நடைமுறையில் பெருமளவு தணிந்தது இவ்வாறே.

தமிழக அரசும் லினக்ஸும்

இக்காலப் பகுதியில்தான் தமிழக அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தன் கணினிகளைச் சூசி லினக்ஸுக்கு மாற்றியது. மறுபுறம் நடுவணரசின் ஆதரவில் அமைந்த கட்டற்ற மென்பொருள் வள மையத்தின்வழிச் சென்னை சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸை உருவாக்கியது. அதன் முதற்பதிப்பு 2007இல் வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கு முதன்மை தந்த பாஸ், டெபியனை அடித்தளமாகக் கொண்டது. எனவே டெபியனின் வெளியீட்டு நாட்காட்டியே பாஸின் ஆயுளையும் வரையறுத்தது.

2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவடைந்தது. அதனையொட்டித் தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு பணித்தது. ஆனால், பாஸ் 4.0 பதிப்பிற்கு அடித்தளமான டெபியன் 6இன் வழக்கமான பாதுகாப்பு ஆதரவும் அதே ஆண்டு மே 31 அன்று முடிவுற்றது. டெபியன் வரலாற்றில் முதன்முறையாக நீட்டித்த ஆதரவு வழங்கப்பட்டதால், அப்பதிப்பு 2016 பிப்ரவரி இறுதிவரை பேணப்பட்டது. ஆதரவு முடிவடைதல் தனியுரிமை மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்விரு நாள்களின் அண்மை உணர்த்துகிறது.

ஓர் எழுத்துருப் பொதியின் பெயர்மாற்றம்

மேம்படுத்தலின்போது சார்பு எவ்வாறு முறிகிறது என்பதற்குத் தமிழ் எழுத்துருப் பொதியே தக்க சான்றாகும். டெபியனில் தமிழ் எழுத்துருக்கள் ‘டிடிஎஃப்-தமிழ்-ஃபான்ட்ஸ்’ என்னும் பொதியில் இருந்தன. 2013இல் வெளிவந்த டெபியன் 7 ஆயத்தமான காலத்தில், எழுத்துருப் பொதிகள் ‘ஃபான்ட்ஸ்’ என்னும் முன்னொட்டைப் பெற்றன. மொழிப்பெயருக்கு மாற்றாக எழுத்துமுறைகளுக்கான பன்னாட்டுத் தரக்குறியீடான ‘டாம்ல்’ இடம்பெற்றது.

பயனருக்கு இது பெயர்மாற்றம் மட்டுமே. பொதி மேலாளருக்கோ பழைய பொதியும் புதிய பொதியும் வெவ்வேறானவை. ஒரே கோப்பை இரண்டும் உரிமை கொண்டாடினால் நிறுவல் இடையிலேயே நின்றுவிடும். இதனைத் தவிர்க்கப் புதிய பொதி, பழைய பதிப்போடு தான் ஒன்றி வாழாது என்றும் அதன் கோப்புகளைத் தான் ஏற்றுக்கொள்வதாகவும் அறிவிக்க வேண்டும். பழைய பெயரைச் சார்ந்து நிற்பவற்றுக்காக, உள்ளீடற்ற இடைக்காலப் பொதியொன்றும் அப்பெயரில் விட்டுவைக்கப்படும். அது புதிய பொதியைச் சுட்டுவதோடு தன் கடமையை முடித்துக்கொள்ளும். இவ்விடைக்காலப் பொதிகள் சில வெளியீடுகளுக்குப் பின் களஞ்சியத்திலிருந்து நீக்கப்படுகின்றன. இடைப்பட்ட வெளியீட்டைத் தாண்டிச் செல்லும் கணினிக்கு அப்பாலம் கிடைப்பதில்லை. ஒரு வெளியீட்டிலிருந்து அதற்கு அடுத்ததற்கு மட்டுமே மேம்படுத்தலை டெபியன் ஆதரிப்பதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று.

எட்டாத களஞ்சியம்

இணைய இணைப்பின்றிச் சில ஆண்டுகள் கிடந்த கணினியொன்றில் டெபியன் 6 இருப்பதாகக் கொள்வோம். அதன் களஞ்சியம் வழக்கமான முகவரியிலிருந்து பழம்பதிப்புக் காப்பகத்திற்கு மாற்றப்பட்டுவிட்டது. பட்டியலில் கையொப்பமிட்ட சாவிகளும் காலாவதியாகிவிட்டன. ‘உடைந்த சார்புகளைச் சரிசெய்’ என ஆப்ட் கருவிக்குக் கட்டளையிட்டாலும், சரிசெய்வதற்குரிய பொதிகளை அது பழைய முகவரியிலிருந்து பெற இயலாது. முகவரியை மாற்றி, முதலில் டெபியன் 7க்கும் பின்னர் 8க்குமாகப் படிப்படியாக ஏறுவதே முறையான வழி. ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கணக்கான பொதிகள் இறக்கப்பட வேண்டும். இணைப்பு குன்றிய பள்ளிக்கு இதுவே பெருந்தடை.

இத்தடைக்கு விடையாக எழுந்த கருவிகளுள் குறிப்பிடத்தக்கது, டெபியன் உருவாக்குநர் ரிதேஷ் ராஜ் சராஃப் படைத்த ஆப்ட்-ஆஃப்லைன். இணைப்பற்ற கணினி தனக்கு வேண்டிய பொதிகளின் பட்டியலை ஒரு கோப்பாக எழுதித் தரும். இணைப்புள்ள மற்றொரு கணினியில் அப்பொதிகளை இறக்கி, விரலியில் கொணர்ந்து நிறுவலாம். சார்பைக் கணக்கிடும் அறிவு கணினியிலேயே இருக்க, களஞ்சியம் மட்டும் கைச்சுமையாக வந்து சேர்கிறது.

இவ்விடத்தில் சிவகாசியின் தொழில் வரலாறு ஒப்புநோக்கத் தக்கது. 1920களில் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டி, மேலொட்டும் அச்சிட்ட தாளைச் சார்ந்திருந்தது. அத்தாளுக்காக வெளியூரை எதிர்நோக்கியிராது, அச்சுத்தொழிலையே அவ்வூர் தன்னிடத்தில் வளர்த்துக்கொண்டது. சார்பு அங்கு நீங்கிவிடவில்லை. சார்ந்த பொருள் கைக்கெட்டும் தொலைவிற்கு வந்தது. கணினித் துறையில் இதற்கு நிகரானது, களஞ்சியத்தின் முழுப்படியை மாவட்ட அளவில் வைத்துப் பேணும் படிவழங்கி. தொழில்நுட்ப அடிப்படையில் இது அரிய செயலன்று. ஒரு வழங்கியும் வட்டுகளும் அவற்றைப் பேணும் ஒருவரும் போதும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, சார்புகளைத் தீர்க்கும் கணக்கீட்டுச் சிக்கல் 1999 முதல் 2008 வரையிலான காலத்தில் பெருமளவு கட்டுக்குள் வந்தது. இரண்டாவது, தமிழக அரசின் லினக்ஸ் முயற்சிகள் இயங்குதளத்தைத் தேர்வதையும் கணினி வழங்குவதையும் முதன்மைப்படுத்தின. மேம்படுத்தலின் உயிர்நாடியான களஞ்சியம் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. மூன்றாவது, ஆதரவு முடிந்த பின்னும் கட்டற்ற மென்பொருளின் பழம்பொதிகள் காப்பகத்தில் எவரும் எடுத்தாளும்படி நிலைக்கின்றன. மூடிய மென்பொருளில் கிட்டாத இவ்வாய்ப்பு, எடுத்துத் தருவார் இல்லாவிடத்துப் பயன்படாது.

வழங்கப்பட்ட கணினிகளை எண்ணுவதோடு, அவற்றுள் எத்தனை மேம்படுத்தப்பட்டன என்பதையும் எண்ணும்போதே தமிழகக் கணிமை வரலாறு முழுமை பெறும். விருதுநகர் மாவட்டப் பள்ளிகளை முன்வைத்து நிகழ்த்தத்தக்க கள ஆய்வு அதற்கு நல்ல தொடக்கமாக அமையும்.