அப்பாவின் கவ்வாத்துக் கத்தி

அப்பா தேயிலைத் தோட்டத்தில் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக்காரர். மலையிலிருந்து இறங்கி வந்ததும் முதலில் கழுவுவது காலை இல்லை, கத்தியை. பீலித் தண்ணீரில் கறை போகத் தேய்த்து, கல்லில் நாலு இழுப்பு இழுத்து, சாக்குத் துண்டில் சுற்றி, காம்பராவில் மாதா படம் இருந்த பலகையில் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைப்பார். ஏன் அங்கே என்று ஒருநாள் கேட்டேன். "கீழ வச்சா நீங்க கால வெட்டிக்குவீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சோறு போடுறதும் அதுதானே" என்றார்.

ஆசிரியை வேலை கிடைத்து வெலிமடைக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான், அந்தக் கத்திக்கு ஒரு பழைய சொந்தம் இருப்பது தெரிந்தது. ஒரு ஞாயிறு பொரலந்த வழி பஸ்ஸில் அப்புத்தளைக்குப் போய் அதிஷம் மடத்தைப் பார்த்தேன். தங்கமலைக் காட்டோரத்தில் நிற்கும் கல் பங்களா. சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற துரை 1931இல் கட்டி முடித்து, இங்கிலாந்தில் தான் பிறந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார். 1961இல் அது சில்வெஸ்திரியன் பெனடிக்ட் துறவிகள் கைக்கு வந்தது. 1845 முதலே இலங்கையில் பணி செய்யும் சபை அது. அங்கே ஸ்ட்ரோபெரி ஜாம் போத்தல் ஒன்று வாங்கினேன். துறவிகள் தாங்களே செய்து விற்பது. சாமியார்மார் அடுப்படியில் நின்று ஜாம் கிண்டுவதற்கு என்ன காரணம் என்ற கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அந்தக் கேள்வியோடு, அவர்கள் பின்பற்றும் புனித ஆசீர்வாதப்பரின் (பெனடிக்டின்) ஒழுங்கு நூலைத் தேடி ஆங்கிலத்தில் வாசித்தேன். 6ஆம் நூற்றாண்டு இத்தாலியில் எழுதியது, 73 அதிகாரங்கள். 31ஆவது அதிகாரம் மடத்துப் பண்டகசாலைக்காரரைப் பற்றியது. மடத்தின் சாமான்கள் அத்தனையையும் பீடத்துப் பாத்திரங்களைப் போலவே அவர் மதிக்க வேண்டும் என்கிறார் ஆசீர்வாதப்பர். இரசக்கிண்ணத்துக்கு என்ன மரியாதையோ, அதே மரியாதை மண்வெட்டிக்கும். புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து வெகுநேரம் நின்றேன். எழுத்துக் கூட்டி வாசிக்கவும் தெரியாத அப்பாவுக்கு இதை யார் சொன்னார்கள்?

கைவேலைக்கும் மரியாதை உண்டு என்பது சும்மா வந்த எண்ணம் இல்லை. பழைய உரோம உலகில் கைவேலை என்றால் பெரும்பாலும் அடிமையின் தலைவிதி. கி.பி. 400ஐ ஒட்டி கார்த்தேஜ் பக்கத்துத் துறவிகள் சிலர், வானத்துப் பறவைகள் விதைப்பதும் இல்லை அறுப்பதும் இல்லை, நாங்கள் மட்டும் ஏன் உழைக்க வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல அகுஸ்தீனார் ஒரு நூலே எழுதினார். பவுல் அப்போஸ்தலர் தன் கையால் உழைத்துச் சாப்பிட்டதைத்தான் அவர் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்.

13ஆம் நூற்றாண்டுக்கு வந்தால், தோமா அக்குவினாஸ் கொஞ்சம் பின்வாங்கிவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. துறவிகள் எல்லாரும் கைவேலை செய்தே ஆகவேண்டும் என்பதில்லை என்றார். அவர் பிச்சையேற்று வாழ்ந்த சபைக்காரர், அதற்காக வாதாட வேண்டியிருந்தது. ஆனால் அதே 'இறையியல் தொகுப்பில்' மோசேயின் சட்டத்தை விளக்கும்போது அவர் சொல்லும் ஒன்றை என்னால் மறக்க முடிவதில்லை. கூலியாள் ஏழை, அன்றன்றைய சோற்றுக்கு உழைப்பவன். அவன் கூலியை உடனே கொடுக்கச் சட்டம் சொன்னது சரியே, இல்லாவிட்டால் அவன் பட்டினி கிடப்பான்.

அம்மாவின் அரைப்பேர் எனக்கு ஞாபகம் வந்தது. நாள் முழுக்க மழையில் நனைந்து கொழுந்தெடுத்தும் றாத்தல் குறைந்தால் பாதிச் சம்பளம்தான். பாட்டி காலம் இன்னும் மோசம். கங்காணியிடம் பட்ட கடனை 'துண்டு' என்ற சீட்டில் எழுதி, ஆள் தோட்டம் மாறும்போது கடனையும் சேர்த்தே கைமாற்றினார்கள். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது.

பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1879இல் தோமாவின் மெய்யியலைப் படிப்பிக்கச் சொன்னார். 1891இல் தொழிலாளிக்கு நியாயமான கூலி வேண்டும் என்று சுற்றுமடல் எழுதினார். 1893இல் கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியவில், பாப்பரசர் குருமடம் தொடங்கினார். இயேசு சபையார் நடத்திய அந்த மடத்தில் இந்தியாவிலிருந்தும் பிள்ளைகள் வந்து லத்தீனில் படித்தார்கள். 1955இல் அது பூனாவுக்குப் போனது. மலைநாட்டின் நடுவில் அறுபது வருஷத்துக்கு மேல் தோமாவைப் படித்திருக்கிறார்கள். கூலியைப் பற்றி அவர் சொன்னது மட்டும் எங்கள் லயத்துக்கு இறங்கி வந்ததில்லை. உபதேசியார் எங்களுக்கு ஜெபங்களையும் குறிப்பிடத்தையும் படிப்பித்தார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. அந்தப் பக்கத்தை அவருக்கும் யாரும் திறந்து காட்டியிருக்க மாட்டார்கள்.

நிலைமையை மாற்றப் பார்த்தவர் லியோ நாணயக்கார ஆண்டகை. அவரும் ஆசீர்வாதப்பரின் சபைத் துறவிதான், 1959 முதல் கண்டி ஆயர். 1972 டிசம்பரில் பதுளை தனி மறைமாவட்டமானபோது, பெரிய கண்டியை விட்டு ஏழைப் பதுளைக்கு அவரே வந்தார். பண்டாரவளையில் 'சேவக செவன' என்ற இல்லத்தைத் தொடங்கினார். குருவாகப் போகிறவன் மதிலுக்குள் இருந்து படித்தால் போதாது, சனங்களோடு இருந்து இறையியல் கற்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அங்கே அவரோடு நின்றவர் மைக்கல் ரொட்ரிகோ சுவாமி. உரோமிலும் பரிசிலும் கலாநிதிப் பட்டம் பெற்று, அம்பிட்டியவில் குருமாணவர்களுக்குப் படிப்பித்தவர். 1980இல் புத்தலவுக்குப் பக்கத்துச் சிங்களக் கமக்காரர் நடுவே போய்க் குடியிருந்தார். 1987 நவம்பர் 10ஆம் திகதி, பூசை வைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறு மறைக்கல்வி நான் எடுக்கிறேன். கத்தியையும் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். பிடி இற்றுவிட்டது, அலகு பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. ஆசீர்வாதப்பர் எழுதியதைச் சொன்னேன், தோமா கூலியைப் பற்றி எழுதியதையும் தமிழில் சொன்னேன். பின்வரிசையில் இருந்த பிள்ளை கை உயர்த்தியது.

"அப்ப அரைப்பேரு போடுறது பாவமா, டீச்சர்?"

பாவம்தான் என்றேன்.