நாகப்பட்டினத்து வாசலும் ஒரு பிடி மண்ணும்

பங்குனி உத்திரத்தன்று அஞ்சுகிராமத்தில் பஸ் ஏறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஊரில் பாதிப்பேர் அவரவர் சாஸ்தாவைத் தேடிக் கிளம்பியிருப்பார்கள். எங்கள் சாஸ்தா திருநெல்வேலிப் பக்கம் ஒரு குளத்தங்கரையில் இருக்கிறார். அந்த ஊரில் எங்களுக்குச் சொந்தம் கிடையாது, சொத்தும் கிடையாது. எத்தனை தலைமுறைக்கு முன்னால் அங்கிருந்து கிளம்பினோம் என்பதும் தெரியாது. ஆனாலும் வருஷத்துக்கு ஒருநாள் போய்ப் பொங்கலிட்டுவிட்டு வருகிறோம். "சாஸ்தா எங்க இருக்காருன்னு தெரியாதவன்னு ஒருத்தனப் பாத்துச் சொன்னா, அதவிடப் பெரிய வசவு கிடையாது பாத்துக்க" என்பார் பாட்டா.

கனடாவில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு தடவை சில படங்கள் அனுப்பியிருந்தான். ஒன்டாரியோ மாகாணத்தில் மேக்ஸ்வில் என்ற சின்ன ஊர். 1948 முதல் அங்கே கிளெங்காரி ஹைலேண்ட் விளையாட்டுகள் நடக்கின்றன. பரந்த புல்வெளியில் வரிசையாகக் கூடாரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குலத்தின் பெயர்ப்பலகை: மெக்டொனால்ட், மெக்லியோட், மெக்கென்சி, மன்றோ. வருகிறவர்கள் தங்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, முன்பின் பார்த்திராதவர்களோடு உட்கார்ந்து தாத்தாவுக்குத் தாத்தாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். படங்களுக்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: "மாமா, இங்கயும் பங்குனி உத்திரம் உண்டு."

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பலகைகளில் இருந்த இரண்டு மூன்று பெயர்கள் எனக்கு ஏற்கனவே பழக்கம். மேக்ஸ்விலில் வைத்துப் பழகியவை அல்ல, நாஞ்சில் நாட்டு வரலாற்றில் வைத்துப் பழகியவை.

*

'கிளான்' என்பது கேலிக் மொழியின் 'க்ளான்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பொருள், பிள்ளைகள். ஒரு மூதாதையின் மக்கள். எங்களூரில் யாரைக் கூப்பிட்டாலும் 'மக்கா' என்றுதான் கூப்பிடுகிறோம், இல்லையா, கிட்டத்தட்ட அது. பெயருக்கு முன்னால் வரும் 'மேக்' என்றால் மகன். மெக்கென்சி என்றால் கென்னத்தின் மகன். (மேக், மகன் என்று உடனே மொழியாராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம். அது வெறும் ஒலி ஒற்றுமை.)

ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியில், ஹைலேண்ட்ஸில், குலத்தலைவன்தான் நிலக்காரன், நீதிபதி, படைத்தலைவன் எல்லாம். அவன் கூப்பிட்டால் குடிகள் வாளெடுத்து வரவேண்டும். அவர்களுக்கு நிலமும் பாதுகாப்பும் அவன் பொறுப்பு. எல்லோரும் ஒரே ரத்தம் என்பது பாதி நிஜம், பாதி நம்பிக்கை. அண்டி வந்து அடைக்கலம் கேட்டவனும் தலைவனின் பெயரை வைத்துக்கொண்டு குலத்தில் சேர்ந்துவிடுவான்.

1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் சமவெளியில் இதெல்லாம் உடைந்தது. ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசனுக்காக எழுந்த ஹைலேண்ட் படையை அரசுப்படை ஒரு மணி நேரத்துக்குள் முறியடித்தது. தலைவர்களின் பரம்பரை நீதி அதிகாரத்தை நாடாளுமன்றம் ரத்து செய்தது. அதோடு நிற்கவில்லை, துணியிலும் கைவைத்தது. ஆண்களோ பையன்களோ கில்ட்டும் கட்டம்போட்ட டார்ட்டன் துணியும் உடுத்தக்கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை. மறுதடவை ஏழு வருஷம் நாடுகடத்தல். இந்தச் சட்டம் 1782 வரைக்கும் இருந்தது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அரசரின் படையில் சேர்ந்தால் உடுத்தலாம். தன் தாத்தாவின் உடையைப் போட ஆசைப்பட்ட இளைஞனுக்குச் சட்டப்படி திறந்திருந்த ஒரே கதவு பட்டாளம். அந்தக் கதவு வழியாக வெளியே வந்தவர்களில் பலர் வந்திறங்கிய இடம் மெட்ராஸ்.

*

கலோடன் கலகத்தில் சேர்ந்து மரண தண்டனை விதிக்கப்பட்டவர் குரோமார்ட்டி பிரபு. பிறகு அவருக்கு மன்னிப்பு கிடைத்தது. அவருடைய மகன் ஜான் மெக்கென்சி, மெக்லியோட் பிரபு என்று அழைக்கப்பட்டவர். அவரும் அதே கலகத்தில் இருந்தவர்தான். முப்பது வருஷம் கழித்து அதே அரசுக்காகத் தன் பழைய குடிகளிடமிருந்து ஆள் திரட்டி 73ஆம் ஹைலேண்ட் படைப்பிரிவை அமைத்தார். 1780 தொடக்கத்தில் அது மெட்ராஸில் இறங்கியது. அதே வருஷம் செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தபோது, அதில் இந்தப் பிரிவின் வீரர்களும் இருந்தார்கள். பிழைத்தவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறைக்குப் போனார்கள். மறுவருஷம் பரங்கிப்பேட்டைச் சண்டையில் பேக்பைப் வாசித்தவனின் துணிச்சலைப் பார்த்துத் தளபதி அயர் கூட் வெள்ளிக் குழல்கள் பரிசளிப்பதாகச் சொன்னார் என்பது அந்தப் படைப்பிரிவின் பெருமைக்கதை.

பட்டாளம் மட்டும் வரவில்லை, குலம் என்ற சிபாரிசும் கூடவே வந்தது. லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் பிறந்த காலின் மெக்கென்சி என்ற சுங்க அலுவலர் 1783இல் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். அவருக்கு வழி திறந்துவிட்டவர்கள் மெக்கென்சி குலத்தின் தலைமைக் குடும்பமான ஸீஃபோர்த் பிரபுக்கள். அந்தக் குலப்பிள்ளைதான் பின்னாளில் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர். காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா சகோதரர்களின் துணையோடு தென்னிந்தியா முழுக்கச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர்க் கைபீதுகளையும் சேகரித்தார். அவற்றில் நிறையப் பாளையக்காரர் வம்சாவளிகள். யார் மகன் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தச் சாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். தலைவர்களின் அதிகாரம் சட்டத்தால் பிடுங்கப்பட்ட ஒரு குலநாட்டிலிருந்து வந்தவர், கம்பெனி அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்த இன்னொரு குலநாட்டின் வம்சாவளிகளை எழுதி வாங்கிச் சேர்த்திருக்கிறார். அவர் மனசில் என்ன ஓடியது என்று நாம் ஊகிக்க வேண்டாம். இன்றைக்குச் சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அந்தக் கைபீதுகளைப் புரட்டும் யாருக்கும் இந்தப் பொருத்தம் கண்ணில் படாமல் போகாது.

*

இனி நம்ம ஊருக்கு வருவோம். திருவிதாங்கூரில் 1800 முதல் ரெசிடென்ட்டாக இருந்தவர் காலின் மெக்காலே, ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் மகன். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் கிடந்தவர்களில் அவரும் ஒருவர். தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பி தளவாய் எதிர்த்து நின்றது இவரைத்தான். 1809 பிப்ரவரி 10 அன்று ஆரல்வாய்மொழி அரண் கம்பெனிப் படையிடம் விழுந்தது. மறுவருஷம் மெக்காலேயின் இடத்துக்கு வந்தவர் கர்னல் ஜான் மன்றோ. (மவுண்ட் ரோடு முனையில் குதிரைமேல் இருக்கும் தாமஸ் மன்றோ வேறு ஆள், அவர் கிளாஸ்கோக்காரர்.) ஜான் மன்றோவின் பூர்வீகம் வட ஸ்காட்லாந்தில் அல்னெஸ் என்ற ஊரை ஒட்டிய டீனினிக். மன்றோ குலத்தின் கிளைவீடு அது.

அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில், மயிலாடியில், அப்போது ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி மகாராசன் வேதமாணிக்கத்தின் துணையோடு சபை நடத்திக்கொண்டிருந்தார். அந்தச் சபைகளுக்கு மன்றோவின் ஆதரவு இருந்தது. 1811 முதல் 1814 வரை அவரே திவானாகவும் இருந்தார். அந்தக் காலத்தில்தான், கிறிஸ்தவத்தில் சேர்ந்த நாடார் பெண்கள் மேலே குப்பாயம் அணியலாம் என்ற உத்தரவு வந்தது. தோள்சீலைப் போராட்டத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த உத்தரவு அப்படியே நடப்புக்கு வந்துவிடவில்லை. அடியும் அவமானமும் பட்டு, துணி கிழிக்கப்பட்டு, மறுபடியும் உடுத்தி, 1859 ஜூலை 26 அன்று மகாராஜாவின் அறிவிப்பு வரும் வரைக்கும் அந்தப் பெண்கள்தான் அதை இழுத்துக்கொண்டு போனார்கள். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு வால் ஒட்டியிருந்தது.

துணி தடைசெய்யப்பட்ட நாட்டின் பிள்ளை, துணி தடைசெய்யப்பட்ட இன்னொரு நாட்டில் கையெழுத்துப் போட்டார் என்று இதை அழகாக முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் கணக்கு அவ்வளவு சுத்தமாக வராது. மன்றோ குலம் கலோடன் கலகத்தில் அரசின் பக்கம் நின்ற குலம். அது மட்டுமல்ல, அல்னெஸ் ஊருக்கு மேலே நிற்கும் ஒரு மலையும் இந்த அழகைக் கெடுத்துவிடுகிறது.

*

அந்த மலையின் பெயர் ஃபைரிஷ். அதன் உச்சியில் கல்லால் கட்டிய வளைவுகள் நிற்கின்றன. ஊருக்குள் எங்கிருந்து நிமிர்ந்தாலும் தெரியும். நாகப்பட்டினத்துக் கோட்டைவாசலின் மாதிரி அது.

கட்டியவர் ஹெக்டர் மன்றோ. அல்னெஸை ஒட்டிய நோவார் பண்ணையின் சொந்தக்காரர். 1764இல் பக்ஸாரில் ஜெயித்தவர். 1780இல் பொள்ளிலூர்ப் பக்கம் பெரிய படையை வைத்துக்கொண்டும் பெய்லிக்கு உதவிக்குப் போய்ச் சேராமல், பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு மெட்ராஸுக்குப் பின்வாங்கியவர். 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊர் திரும்பியதும் அந்த வெற்றியின் நினைவாக மலைமேல் வாசல் கட்டினார். பஞ்சத்தில் கிடந்த குடிகளுக்கு வேலை கொடுக்கத்தான் கட்டினார் என்றும், வேலை சீக்கிரம் முடிந்துவிடாமல் இருக்க அவரே கற்களை மலையிலிருந்து கீழே உருட்டிவிட்டார் என்றும் அங்கே ஒரு கதை சொல்வார்கள்.

நல்ல கதை. ஆனால் பத்தே வருஷத்தில் அதே மன்றோ தன் நிலத்தை ஆட்டுப்பண்ணைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். மனிதக் குடிகளைவிட ஆடு அதிக வாரம் கொடுத்தது. மேய்ச்சல் நிலம் போய், வெளியேற வேண்டிய நிலை வந்தபோது குடிகள் எழுந்தார்கள். 1792இல் ராஸ் பகுதி முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஆடுகளைத் திரட்டித் தெற்கே ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கேலிக் மொழியில் அந்த வருஷத்துக்கே 'ஆடுகளின் வருஷம்' என்று பெயர். அதை அடக்க வந்தது எந்தப் படை தெரியுமா? பிளாக் வாட்ச், அதுவும் ஹைலேண்ட் படைதான். கில்ட் உடுத்தியவர்கள் வந்து கில்ட் உடுத்திய பரம்பரையைக் கலைத்தார்கள்.

குலத்தலைவன் என்ற சொல்லில் இருந்த தகப்பன் செத்துப்போய் நிலக்காரன் மட்டும் மிஞ்சிய இடம் அது. அடுத்த அறுபது எழுபது வருஷங்களில் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக மக்கள் காலிசெய்யப்பட்டு நோவா ஸ்கோஷியாவுக்கும் ஒன்டாரியோவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள்.

*

போனவர்கள் குலத்தை விட்டுவிட்டுப் போயிருக்கலாம், கைவிட்டது தலைவன்தானே. அவர்கள் விடவில்லை. நிலமும் தலைவனும் போனபிறகு மிச்சமிருந்தது பெயர் மட்டும். அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் அது வெறும் கைமாற்று உதவி. பாஸ்டனில் 1657லேயே ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒரு தர்மச் சங்கம் வைத்துத் தங்கள் ஏழைகளையும் நோயாளிகளையும் பார்த்துக்கொண்டார்கள். மெட்ராஸில் கம்பெனிக்காரர்களுக்கு அது கோவிலாக வந்தது. எழும்பூரில் சென்ட் ஆண்ட்ரூஸ் கிர்க். 1818 ஏப்ரலில் அடிக்கல் போட்டு, இளகிய மண்ணில் கிணறுகள் இறக்கி அதன்மேல் அஸ்திவாரம் கட்டி, 1821இல் திறந்தார்கள். உள்ளே நீலக் குவிமாடத்தில் நட்சத்திரங்கள். இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் கோவில்.

குலச் சங்கங்கள் வந்தது பிறகு. மெக்கிரகர் சங்கம் 1822, மெக்கே சங்கம் 1888. அதே 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஊரையே டார்ட்டனில் முக்கி எடுத்தார். குலத்துக்கு ஒரு கட்டம், ஒரு நிறம் என்று இன்று அட்டவணை போட்டு விற்கப்படுவதில் பெரும்பகுதி அந்த நூற்றாண்டில் உருவானதுதான். அப்படியானால் மேக்ஸ்வில் கூடாரங்கள் பொய்யா? எங்கள் சாஸ்தா கோவிலில் மாட்டியிருக்கும் தலவரலாறுகூட என் சித்தப்பா காலத்தில் எழுதியதுதான். பொங்கல் அதனால் பொய்யாகிவிடவில்லை. அடுப்பைச் சுற்றி நிற்கும் ஆட்கள் நிஜம்.

இருபதாம் நூற்றாண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. மெக்லியோட் குலத்தின் தலைமை ஒரு பெண்ணுக்கு வந்தது. டேம் ஃப்ளோரா மெக்லியோட், 1878இல் பிறந்தவர். எழுபது வயதுக்கு மேல் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று சுற்றி, சிதறிக்கிடந்த மெக்லியோட்களைச் சங்கங்களாகச் சேர்த்தார். வாரம் வாங்கவோ படைதிரட்டவோ அவருக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. "வாங்க, இது உங்க வீடு" என்று கூப்பிட முடிந்தது. கூப்பிட்டதும் வந்தார்கள்.

*

போன பங்குனிக்கு எங்கள் கோவிலில் வரிநோட்டைப் புதுசாக எழுதினோம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். கட்டிக்கொடுத்த பெண்ணும் அவள் பிள்ளைகளும் நோட்டில் வரமாட்டார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்தவன் பெயருக்கு நேராக ஒரு கோடு மட்டும் இருக்கும், காரணம் யாரும் எழுதுவதில்லை.

அக்கா மகன் கனடாவிலிருந்து வந்திருந்தான், மகளோடு. அவன் எங்கள் நோட்டிலேயே கிடையாது, அக்கா பிள்ளைதானே. ஒரு பிடிமண் எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டான். சாமி குடிபெயர்வது நம்மிடம் அப்படித்தான். பழைய இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துப் புது இடத்தில் வைத்தால் அதுவும் கோவில். அப்புறம் அவனே, "ஏர்போர்ட்ல மண்ண விடமாட்டாங்க மாமா" என்று சிரித்துக்கொண்டான்.

மேக்ஸ்வில் கூடாரத்தில் தாய்வழியில் வந்தவர்களையும், அடைக்கலமாகச் சேர்ந்த பெயர்க்காரர்களையும் எழுதிக்கொள்வார்கள் என்று அவன் சொன்னதை எடுத்து நான் பெரியவர்களிடம் பேசிப் பார்த்தேன். "அது வெள்ளக்காரன் வழக்கம்வே" என்று ஒருவர் முடித்துவைத்தார். நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழியில் சொத்தே போயிருக்கிறதே, பெயர் போகக் கூடாதா என்று கேட்டேன். பதில் இல்லை.

அந்தக் குழந்தை நோட்டைப் புரட்டித் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. பாட்டா பேனாவை வாங்கினார். கடைசிப் பக்கத்தில், கோடு எதுவும் போடாத பக்கத்தில், அவள் பெயரை எழுதினார். "வரி வேண்டாம். பேரு இருக்கட்டும்" என்றார்.

இந்த வருஷம் அந்தப் பக்கத்தில் ஏழு பெயர்கள் இருக்கின்றன.